பதின்மூன்று வாக்குகள்

180-க்கு 13!

1948 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20 ஆம் நாள், கொரிய நாட்டின் தென்பாதியிலே புதிதாகக் கூடிய சட்டமன்றம் முதல் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது விழுந்த வாக்குகளின் கணக்கு இது. 180 பெற்றவர் சிங்மன் ரீ. 13 பெற்றவர் கிம் கூ. விந்தை என்னவென்றால் தோழர்களே, அந்தப் பதின்மூன்றையும் கிம் கூ கேட்டுப் பெறவில்லை. அவர் வேட்பாளராக நிற்கவில்லை. அவருடைய கொரிய விடுதலைக் கட்சி அந்தத் தேர்தலையே புறக்கணித்திருந்தது. அப்படி ஒரு மன்றம் கூடுவதே நாட்டை இரு துண்டாக்கும் செயல் என்று ஊர் அறியச் சொன்னவர் அவர். எனினும், உள்ளே அமர்ந்திருந்தவர்களில் பதின்மூவருக்கு மனம் கேட்கவில்லை போலும்!

இந்தக் கணக்குக்கு இரண்டே முக்கால் ஆண்டுகளுக்கு முன்பு, அதே கிம் கூ நாடு திரும்பியபோது, கொரியாவிலே அவர் பெயருக்கு இணையாகச் சொல்லத்தக்க பெயர் இரண்டோ மூன்றோதான். பல்லாண்டு அயல் மண்ணிலே அலைந்து, பட்டினி கிடந்து, தோட்டா வாங்கி, ஒரு நாள்கூட எதிரியிடம் மண்டியிடாத கட்சி அவருடையது. அப்படிப்பட்ட கட்சி, நாடு விடுதலை பெற்ற நான்கே ஆண்டுகளில் இருக்கும் இடம் தெரியாமல் போயிற்று. எதிரியின் ஆட்சியிலே அழியாத கட்சி, சொந்த நாட்டார் ஆட்சியிலே அழிந்தது! கட்சி என்ற ஒன்றிலே உழைக்கிற ஒவ்வொருவனும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

1910 ஆம் ஆண்டு ஜப்பான் கொரியாவை விழுங்கிற்று. 1919 மார்ச்சு முதல் நாள், கையில் ஆயுதம் இல்லாத மக்கள் தெருவிலே திரண்டு விடுதலை முழக்கமிட்டனர். சுட்டும் வெட்டியும் அடக்கினார்கள். அந்த அடக்குமுறையிலிருந்து தப்பியவர்கள் அடுத்த திங்களே சீனத்து ஷாங்காய் நகரிலே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதியிலே ஒரு தற்காலிக அரசை அமைத்தார்கள். நாடு இல்லை, வரி இல்லை, படை இல்லை; அரசு மட்டும் உண்டு! நகைப்பாகத் தோன்றும். ஆனால் அந்த நகைப்புக்குரிய அரசுதான் அடுத்த இருபத்தாறு ஆண்டுகள் அணையாமல் எரிந்த அகல்.

அந்த அரசின் வாயிலிலே வந்து நின்றார் நாற்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவர். "எனக்கு வாயில் காப்போன் வேலை கொடுத்தால் போதும்" என்று உள்துறையைக் கவனித்த அன் சாங்-ஹோவிடம் கேட்டார். அவர்தான் கிம் கூ. வாயில் காக்க விடவில்லை. காவல் துறைத் தலைவராக்கினார்கள். பிறப்பாலே பெருங்குடி அல்லர். வறிய வீட்டுப் பிள்ளை. உழவர் எழுச்சியிலே இளமையிலேயே கலந்தவர், ஜப்பானியன் ஒருவனைக் கொன்ற வழக்கிலே சிறை கண்டவர், தப்பியவர், மீண்டும் சிறை கண்டவர். சிறையிலே இருந்தபோது தனக்கு ஒரு புனைபெயர் சூட்டிக்கொண்டார்: பெக்பொம். பொருள் என்ன தெரியுமா? கொரியாவிலே இறைச்சி வெட்டும் தொழில் செய்தோரை 'பெக்ஜோங்' என்று அழைத்து, ஊருக்கு வெளியே ஒதுக்கி, மனிதரில் கடையராக வைத்திருந்தார்கள். 'பொம்' என்பது சாதாரண மனிதன் என்னும் சொல்லின் முதல் பகுதி. கடையரும் சாதாரண மனிதரும் என்னளவுக்காவது நாட்டுப் பற்று உடையவராக வேண்டும் என்ற எண்ணத்தில் இரண்டையும் சேர்த்துத் தன் பெயராக்கிக்கொண்டார். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் பெயரைத் தலைவன் தன் பெயராக ஏற்பது எத்துணை பெரிய செயல் என்பதை இந்நாட்டு மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தற்காலிக அரசின் முதல் குடியரசுத் தலைவர் யார்? அதே சிங்மன் ரீ! பெரும்பாலும் அமெரிக்காவிலேயே தங்கியிருந்துகொண்டு ஷாங்காயிலே தலைவர் என்ற பட்டத்தைச் சூடியிருந்தார். 1925-இல் அந்த அரசே அவர்மீது குற்றம் சாட்டிப் பதவியிலிருந்து இறக்கிற்று. இதை மனத்திலே இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த ஆண்டுகளில் அரசு இருந்த நிலையைக் கேட்டால் கண் கலங்கும். அலுவலகத்துக்கு வாடகை கொடுக்க வழியின்றி வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்தார். தலைவர்கள் தோழர்கள் வீட்டிலே மாறி மாறி உண்டார்கள். கிம் கூவின் தாயார் குவாக் நாக்-வொன் அம்மையார், சந்தைக் குப்பையிலே எறிந்த முட்டைக்கோஸ் இலைகளைப் பொறுக்கிவந்து ஊறவைத்துச் சமைத்தார். பிற்காலத்திலே தோழர்கள் அந்த அம்மையாருக்குப் பிறந்தநாள் கொண்டாடக் காசு சேர்த்தனராம். "அந்தக் காசை என்னிடம் கொடுங்கள், எனக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்கிறேன்" என்றார். வாங்கிவந்தது என்ன? பட்டா, பட்சணமா? கைத்துப்பாக்கி! "இதை வைத்துக்கொண்டு எதிரியோடு போராடுங்கள்" என்று கொடுத்தாராம். பணம் வந்ததெல்லாம் எங்கிருந்து? ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களிலும், மெக்சிக்கோ, கியூபா நாடுகளின் கற்றாழைத் தோட்டங்களிலும் முதுகொடிய உழைத்த கொரியக் கூலிகள் அனுப்பிய காசு அது. சீமான்கள் அனுப்பியதல்ல.

1930 ஜனவரியிலே கொரிய விடுதலைக் கட்சி பிறந்தது. அன் சாங்-ஹோ, யி டொங்-நியோங், கிம் கூ, ஜோ சோ-ஆங் முதலியோர் கூடி உருவாக்கினர். பொதுவுடைமையாளர் ஒரு பக்கம் வலுப்பெற்று வந்த காலம். தேசியவாதிகளுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம். கட்சிக்குக் கொள்கை வகுத்தவர் ஜோ சோ-ஆங். மனிதனுக்கு மனிதன், இனத்துக்கு இனம், நாட்டுக்கு நாடு சமம். மனிதனுக்கு மனிதன் சமம் என்றால் எதிலே சமம்? அரசியலில், பொருளியலில், கல்வியில். வாக்கு எல்லாருக்கும், நிலமும் பெருந்தொழிலும் நாட்டுக்கு, பள்ளி இலவசமாக. இதைத்தான் மூன்று சமத்துவக் கொள்கை என்றார்கள். 1941 நவம்பரில் தற்காலிக அரசு வெளியிட்ட நாடமைப்புத் திட்டத்திலே இது அப்படியே இடம்பெற்றது. நல்ல கொள்கை, தாளிலே தங்கத்தால் பொறிக்கத்தக்க கொள்கை. தாளிலேயே நின்றுவிட்டதுதான் துயரம். அதற்குப் பிறகு வருகிறேன்.

1932. அந்த ஆண்டு ஜனவரியிலே லீ போங்-சாங் என்ற இளைஞர் டோக்கியோ நகரிலே ஜப்பானியப் பேரரசரின் ஊர்வலத்தின்மீது குண்டு வீசினார், குறி தவறிற்று. ஏப்ரல் 29 ஆம் நாள், ஷாங்காயின் ஹொங்கியூ பூங்காவிலே ஜப்பானியர் வெற்றிவிழா எடுத்தபோது, யுன் போங்-கில் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் வீசிய குண்டு மேடையிலே வெடித்தது. தளபதி சிரகாவா மாண்டார். தூதர் சிகெமிட்சுவின் கால் போயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, தோற்ற ஜப்பானின் சரணடைவு ஏட்டிலே கையொப்பமிட அமெரிக்கக் கப்பலின் மேல் மரக்கால் ஊன்றி ஏறியவர் அதே சிகெமிட்சு! அன்று காலை யுன், கிம் கூவிடம் தன் புதுக் கடிகாரத்தைக் கொடுத்து, "உங்களுடையது இரண்டு வெள்ளி, என்னுடையது ஆறு வெள்ளி; எனக்கு இனி ஒரு மணி நேரம்தான் இது தேவை" என்று சொல்லி மாற்றிக்கொண்டு போனார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானிலே சுட்டுக் கொல்லப்பட்டார்.

குண்டு வீச்சால் விடுதலை வந்துவிடாது. கிம் கூவுக்கும் அது தெரியும். ஆனால் அந்த ஒரு குண்டுக்குப் பிறகு சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் கொரியரைத் திரும்பிப் பார்த்தார். பணமும் பயிற்சியும் கிடைத்தன. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. அன் சாங்-ஹோ ஷாங்காயிலே பிடிபட்டார். சிறையிலே நலிந்து 1938-இல் மறைந்தார். கிம் கூவின் தலைக்கு ஜப்பானியர் முதலில் 2 லட்சம், பிறகு 6 லட்சம் என விலை வைத்தனர். அரசும் கட்சியும் மூட்டை கட்டின. ஹாங்சோ, ஜென்ஜியாங், சாங்ஷா, கான்டன், லியுசோ, கீஜியாங் என்று, ஜப்பானியப் படை துரத்தத் துரத்த ஊர் ஊராய் ஓடி, 1940-இல் சுங்கிங் வந்து சேர்ந்தன.

இந்த ஓட்டத்தினிடையே கட்சி என்ன ஆயிற்று? பிளந்தது, கூடியது, மறுபடி பிளந்தது. 1935-இல் கிம் வொன்-பொங் முதலிய இடதுசாரிகளோடு ஒரே கட்சியாகக் கலந்து தன் பெயரையே இழந்தது. சில திங்களிலே ஜோ சோ-ஆங் வெளியேறிப் பழைய பெயரிலே மீண்டும் தொடங்கினார். கிம் கூ தனியே தேசியக் கட்சி என்று ஒன்று கண்டார். 1938 மே மாதம் சாங்ஷாவிலே மூன்று கட்சிகளையும் இணைக்கக் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, கொரியன் ஒருவனே உள்ளே நுழைந்து சுட்டான். ஒருவர் மாண்டார். கிம் கூ பிழைக்கமாட்டார் என்று மருத்துவர் கைவிட்டு ஓரமாகக் கிடத்தினர். சில மணி நேரம் கழித்தும் உயிர் இருந்ததால் பிறகு மருத்துவம் பார்த்தனர். தோட்டாவை உடலிலே தாங்கியபடி எழுந்தார். எதிரியின் குண்டு அவரை ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டதெல்லாம் தன் இனத்தவன் குண்டு.

1940 மே மாதம் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. கொரிய விடுதலைக் கட்சி என்ற பெயர் மீண்டது. கிம் கூ தலைவர். செப்டம்பர் 17-இல் விடுதலைப் படை அமைந்தது. ஜி சோங்-சோன் தளபதி. முத்துத் துறைமுகத் தாக்குதலை அடுத்து ஜப்பான்மீது போர் அறிவித்தார்கள். இந்தப் படையிலிருந்து ஒன்பது பேர் 1943-இல் இந்தியா வந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் படையோடு இணைந்து, 1944-இல் இம்பால் போர்முனையிலே ஜப்பானிய மொழியில் ஒலிபெருக்கிப் பேச்சு, துண்டறிக்கை, கைதிகளை விசாரித்தல் ஆகிய பணிகளைச் செய்தார்கள். எதிரே யார்? ஜப்பானியரோடு நேதாஜியின் இந்திய தேசியப் படை. அதிலே மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து திரண்ட தமிழ்த் தொழிலாளர் எத்தனையோ பேர்! பிரிட்டிஷாரை விரட்ட ஜப்பானியனோடு சேர்ந்தான் தமிழன். ஜப்பானியனை விரட்ட பிரிட்டிஷாரோடு சேர்ந்தான் கொரியன். இருவருக்கும் வேண்டியது தத்தம் நாட்டு விடுதலை. வரலாறு இப்படியும் இருவரை எதிரெதிரே நிறுத்தும்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஊரெல்லாம் கூத்தாடிற்று, கிம் கூ கலங்கினார். அமெரிக்க உளவுத் துறையிடம் பயிற்சி பெற்ற கொரிய இளைஞர்கள் நாட்டுக்குள்ளே குதிக்க ஆயத்தமாக இருந்த வேளை அது. "நாம் அடித்து வீழ்த்தவில்லை, எனவே நாளை நம் பேச்சு எடுபடாது" என்று கணித்தார். அந்தக் கணிப்பு எழுத்துக்கு எழுத்து பலித்தது. அதற்குள்ளாகவே வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க இராணுவ அதிகாரிகள் படத்தை விரித்து, அரைமணி நேரத்தில் 38 ஆவது இணைகோட்டிலே கோடு கிழித்துவிட்டார்கள். வடக்கே சோவியத் படை, தெற்கே அமெரிக்கப் படை. நாட்டுக்காரனை யாரும் கேட்கவில்லை.

தற்காலிக அரசை அமெரிக்கா ஏற்கவில்லை. "வருவதானால் தனி மனிதர்களாக வாருங்கள்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, நவம்பர் 23 ஆம் நாள் ஒரு விமானத்திலே ஏற்றி அனுப்பினர். விமான நிலையத்தில் வரவேற்க ஆள் இல்லை. வருகிற செய்தியையே மக்களுக்குச் சொல்லவில்லை! தங்குவதற்கு ஒரு மாளிகை கிடைத்தது. யாருடையது? ஜப்பானியர் காலத்திலே பொன் சுரங்கத்தால் பெருஞ்செல்வர் ஆன ஒருவருடையது. ஷாங்காயிலே கரும்புத் தோட்டக் கூலியின் காசிலே வாழ்ந்த தலைவர், சியோலிலே சுரங்கச் சீமானின் கூரையின் கீழ் வாழ நேர்ந்தது. சிறு செய்திதான்; ஆனால் எனக்கு இது உறுத்துகிறது.

1945 முதல் 1948 வரை கட்சி செய்த வேலையிலேதான் வீழ்ச்சியின் வேர் இருக்கிறது. கிம் கூவைக் கொன்றவன் துப்பாக்கியிலே மட்டும் அதைத் தேடுவோர் உளர். அது போதாது.

டிசம்பர் கடைசியிலே மாஸ்கோ மாநாட்டு முடிவு வந்தது: கொரியாவை ஐந்தாண்டு வரை நான்கு வல்லரசுகளின் பொறுப்பிலே வைப்பது! நாடே கொதித்தது. கிம் கூ கொதித்தார். டிசம்பர் 31-இல் தற்காலிக அரசு, காவல் துறையும் அலுவலரும் இனித் தன் ஆணைப்படி நடக்க வேண்டும் என்று கட்டளை விடுத்தது. அது உண்மையில் ஓர் ஆட்சிக் கைப்பற்றல். மறுநாளே அமெரிக்கத் தளபதி ஹாட்ஜ் கிம் கூவை அழைத்து மிரட்டினார், கட்டளை அடங்கிற்று. அடுத்த ஈராண்டும் கட்சியின் பேச்செல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே சுழன்றது. எதிர்த்தது சரியா, தவறா? அந்நியன் பொறுப்பை எதிர்க்காதவன் நாட்டுப்பற்றாளன் அல்லன், ஒப்புகிறேன். ஆனால் அந்த எதிர்ப்பு மேடையிலே பக்கத்தில் நின்றவர் யார்? சிங்மன் ரீ. அவரோடு கைகோத்து நின்றவர் யார்? நிலவுடைமையாளரும் தொழிலதிபரும் கூடிய கொரிய சனநாயகக் கட்சியினர். ஜப்பானியரிடம் பணி புரிந்த காவலர்களை அமெரிக்கர் அப்படியே வைத்துக்கொண்டனர். அவர்களும் "வல்லரசுப் பொறுப்பு ஒழிக" என்று கத்தியவுடன் நாட்டுப்பற்றாளராகிவிட்டார்கள்! நேற்று விலங்கு பூட்டியவனும் விலங்கு சுமந்தவனும் ஒரே முழக்கம் எழுப்பினார்கள். இதனால் ஆதாயம் யாருக்கு? விலங்கு பூட்டியவனுக்கு.

இதற்கிடையே உழவனும் தொழிலாளியும் என்ன செய்தார்கள்? 1946 மார்ச்சில் வடக்கே நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்தனர். செப்டம்பரில் தெற்கே இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பிற தொழில்களுக்கும் பரவிற்று. அக்டோபரில் டேகு நகரிலே தொடங்கிய கலவரம் உழவர் எழுச்சியாக மாறியது. அரிசி இல்லை, கூலி இல்லை, நிலம் இல்லை என்ற கூக்குரல் நாடெங்கும். நிலம் நாட்டுக்கே என்று 1941-இலேயே எழுதிவைத்த கட்சி அப்போது எங்கே இருந்தது? வேலைநிறுத்தத்திலே அதன் கொடி இல்லை. உழவர் சங்கத்திலே அதன் ஆள் இல்லை. பொதுவுடைமையாளரிடம் தொழிற்சங்கம் இருந்தது. ரீயிடம் ஊர்தோறும் கிளைச் சங்கமும் காவல் துறையின் தயவும் இருந்தன. விடுதலைக் கட்சியிடம் ஒரு மாளிகையும் ஒரு மாமனிதரும் இருந்தார்கள். கடைசியில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, அதை 1949-50-இல் கொண்டுவந்தது ரீயின் அரசு! தாளிலே தங்கத்தால் பொறிக்கத்தக்க கொள்கை என்றேனே, அதிலே பாதியைப் பகைவன் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டான்.

ஷாங்காயிலும் சுங்கிங்கிலும் நூறு பேர் கொண்ட கட்சியை நடத்தும் முறை வேறு. இரண்டு கோடி மக்கள் நடுவே நடத்தும் முறை வேறு. அங்கே ஒளிவு மறைவு வேண்டும். இங்கே கதவைத் திறந்து வைக்க வேண்டும். பழையவர்களுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. 1946 ஏப்ரலில் அன் ஜே-ஹோங் அவர்களின் தேசியவாதக் கட்சியும் இன்னொன்றும் வந்து இணைந்தன, கட்சி பெருத்தது. 1947 ஜூனில், அமெரிக்க-சோவியத் கூட்டுக் குழுவோடு பேசுவதா கூடாதா என்ற சண்டையிலே அப்படி வந்தவர்களே பிரிந்து போனார்கள். ஓராண்டு வாழ்வு! சேர்ந்தவனை வைத்துக்கொள்ளத் தெரியாத கட்சிக்கு ஆள் சேர்ப்பதால் என்ன பயன்? டிசம்பரில் சனநாயகக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான சாங் டக்-சூ கொல்லப்பட்டார். கைதானவர்களிலே விடுதலைக் கட்சிக்காரரும் இருந்தார். கிம் கூவையே அமெரிக்க இராணுவ நீதிமன்றம் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தது. ஏவினார் என்பதற்கு மெய்ப்பு ஏதும் காட்டப்படவில்லை, அவர் மறுத்தார். எனினும் துப்பாக்கியைத் தியாகத்தின் கருவியாகப் போற்றி வளர்ந்த கட்சி, அந்நியன் போன பிறகும் துப்பாக்கியைக் கீழே வைக்கத் தம் இளைஞருக்குக் கற்பிக்கவில்லை என்ற பழி நிற்கிறது. அதே துப்பாக்கி பின்பு எந்தப் பக்கம் திரும்பிற்று என்பதையும் பார்க்கப் போகிறோம்.

ரீ என்ன செய்தார்? 1946 ஜூனிலேயே, தெற்குக்கு மட்டும் தனி அரசு வேண்டும் என்று பேசிவிட்டார். ஐக்கிய நாடுகள் அவை 1948 ஜனவரியில் ஒரு குழுவைச் சியோலுக்கு அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் இந்தியரான கே. பி. எஸ். மேனன். அந்தக் குழுவிடம் கிம் கூ சொன்னார்: இரு படைகளும் வெளியேறட்டும், வடக்கும் தெற்கும் உட்கார்ந்து பேசட்டும், பிறகு நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் நடக்கட்டும். வடக்கே குழுவை நுழையவே விடவில்லை. "நுழைய முடிந்த இடத்திலே தேர்தல்" என்று முடிவாயிற்று. அதாவது, தெற்கில் மட்டும்.

பிப்ரவரியிலே கிம் கூ மக்களுக்குக் கண்ணீர் அறிக்கை விடுத்தார். தனி அரசு அமைக்கத் துணை போவதைவிட 38 ஆவது கோட்டிலே விழுந்து சாவேன் என்றார். ஏப்ரல் 19-இல் வடக்கே புறப்பட்டபோது, போக விடமாட்டோம் என்று மாணவரும் இளைஞரும் வீட்டை வளைத்துக்கொண்டனர். பின்புறமாக வெளியேறிப் போனார், எழுபது வயதைத் தாண்டிய அந்தக் கிழவர். பியொங்யாங்கிலே மாநாடு, கிம் இல்-சுங், கிம் டு-பொங், கிம் கியூ-சிக், கிம் கூ என்று நான்கு கிம்களும் பேசினர். படைகள் வெளியேற வேண்டும், உள்நாட்டுப் போர் கூடாது என்று அறிக்கை வந்தது. தெற்குக்கு மின்சாரத்தை நிறுத்தமாட்டோம் என்ற வாக்குறுதியும் கிடைத்தது. மே 5-இல் சியோல் திரும்பினார். மே 14-இல் வடக்கு மின்சாரத்தை நிறுத்திற்று! ஒன்பதே நாளில்! வாக்குறுதியை நம்பிப் போன கிழவரை ஊர் பார்த்து நகைக்கட்டும் என்று செய்தார்களோ, வேறு காரணமோ, விளைவு நகைப்புதான்.

மே 10-இல் தெற்கிலே தேர்தல். விடுதலைக் கட்சி புறக்கணித்தது. பதிவு செய்திருந்த வாக்காளரில் 95 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்தார்கள். காவலர் மிரட்டல் இருந்தது என்பார்கள், இருந்தது. ஆனால் மிரட்டலால் மட்டும் 95 வராது. சுயேச்சைகள் 85 பேர் வென்றார்கள். வேறு எந்தக் கட்சிக்கும் அவ்வளவு இல்லை. ரீக்கும் வேண்டாம், சீமான் கட்சிக்கும் வேண்டாம் என்று தேடிய வாக்காளனுக்கு அந்தச் சீட்டிலே விடுதலைக் கட்சியின் பெயர் இல்லை.

புறக்கணித்தது பிழையா என்று என்னைக் கேட்டால், ஒற்றைச் சொல்லில் விடை சொல்லமாட்டேன். நின்றிருந்தால், நாட்டைப் பிளக்கும் ஓலையிலே கிம் கூவின் கையொப்பமும் இருந்திருக்கும். ஈராண்டு கழிந்ததும் வெடித்து இலட்சக்கணக்கான உயிரைக் குடித்த போரை முன்கூட்டியே கண்டு கூவியவர் அவர். அந்த வகையிலே அவர் சரி. ஆனால் புறக்கணிப்பு என்பது ஒரு நாள் வேலை. மே 11 ஆம் நாள் காலையிலே கட்சிக்காரன் எழுந்து செய்ய வேண்டிய வேலை என்ன? அதற்குக் கட்சியிடம் விடை இல்லை. சட்டமன்றத்துக்குள்ளே போகாதவன் தெருவிலே இருக்க வேண்டும். தொழிற்சாலை வாயிலிலே, வயல் வரப்பிலே இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் இல்லாதவனை மக்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

கொள்கை வகுத்த ஜோ சோ-ஆங்கே அவ்வாண்டு டிசம்பரில் வெளியேறி வேறு கட்சி கண்டார். 1950 மே மாதத் தேர்தலில் சியோலின் சொங்புக் தொகுதியிலே நின்று, நாட்டிலேயே மிகுதியான வாக்கு வாங்கி வென்றார். மக்கள் மறந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அடுத்த திங்களே போர் மூண்டது. வட படையினர் பின்வாங்கியபோது அவரையும் கிம் கியூ-சிக்கையும் கொண்டுபோனார்கள். இருவரும் வடக்கிலேயே மாண்டனர்.

கிம் கூ அதைக் காணவில்லை. 1949 ஜூன் 6-இல், ஜப்பானியரின் கைக்கூலிகளை விசாரிக்க அமைந்த சட்டமன்றக் குழுவின் அலுவலகத்துக்குள் காவலர் புகுந்து அடித்து நொறுக்கினர். ஜூன் 26, ஞாயிறு. நண்பகல் கடந்து, அந்த மாளிகையின் மாடியிலே, சீருடை அணிந்த இராணுவ அதிகாரி ஆன் டூ-ஹீ, கிம் கூவைச் சுட்டுக் கொன்றான். அவன் சட்டைப் பையிலே எந்தக் கட்சியின் உறுப்பினர் தகுதி? கொரிய விடுதலைக் கட்சி! "உட்கட்சிச் சண்டை" என்றது அரசுத் தரப்பு. ஆள் கணக்குக்காகக் கதவைத் திறந்தபோது நுழைந்தவன் அவன். ஆயுள் தண்டனை விதித்தார்கள்; பதினைந்து ஆண்டாகக் குறைத்தார்கள்; போர் மூண்டதும் விடுவித்து, பழையபடி இராணுவத்திலே சேர்த்துப் பதவி உயர்வும் கொடுத்தார்கள். 1925-இல் ரீயைப் பதவியிறக்கிய அரசின் கடைசித் தலைவர் இப்படி மாண்டார். நான் அதற்கு மேல் சொல்வதற்கில்லை. 1995-இல் தென்கொரியச் சட்டமன்றக் குழு ஆராய்ந்து, இது தனியொருவன் செயலன்று, திட்டமிட்ட சதி என்று கூறிற்று. மறு ஆண்டு அக்டோபரில், முதுமையிலே ஒளிந்து வாழ்ந்த ஆன் டூ-ஹீயை ஒரு பேருந்து ஓட்டுநர் வீடு தேடிப் போய்த் தடியால் அடித்துக் கொன்றார். தடியிலே 'நீதிக்கோல்' என்று எழுதியிருந்தார். சதிகாரர் பெயரெல்லாம் அவனோடு புதைந்தன. ஓட்டுநர் சிறை சென்றார்.

தலைவர் போனார், கட்சியும் போயிற்று. ஊர்க் கிளை இருந்திருந்தால் தாங்கியிருக்கும். 1960-களில் பழைய பெயரிலே சிலர் மீண்டும் தொடங்கினர். 1965 இடைத்தேர்தலில் ஓர் உறுப்பினர்கூடக் கிடைத்தார். விடுதலை வீரர் கிம் ஜ்வா-ஜின்னின் மகன் கிம் டு-ஹான். பெருநிறுவனம் ஒன்றின் கடத்தல் ஊழலைப் பற்றி 1966 செப்டம்பரில் பேச எழுந்தவர், கொண்டுவந்த மலத்தை அமைச்சர்கள்மீது கொட்டினார்! பதவியும் போயிற்று, சிறையும் கிடைத்தது. ஜோ சோ-ஆங் கொள்கை எழுதிய கட்சியின் கடைசிச் சட்டமன்றக் குரல் அதுதான். பிறகு அந்தப் பெயரும் மறைந்தது.

தென்கொரிய அரசியல் சட்டத்தின் முகவுரை, ஷாங்காய்த் தற்காலிக அரசின் வழியிலே வந்த நாடு இது என்று 1987 முதல் சொல்கிறது. சியோலின் ஹியோசாங் பூங்காவிலே கிம் கூவின் கல்லறை இருக்கிறது. யுன் போங்-கில், லீ போங்-சாங் ஆகியோரின் எலும்புகளை ஜப்பானிலிருந்து 1946-இல் தருவித்து அங்கே அடக்கம் செய்தவரே அவர்தான். ரீயின் ஆட்சி முடிகிற காலத்திலே, அந்தக் கல்லறைகளின் எதிரே பந்தாட்ட அரங்கம் ஒன்று கட்டத் தொடங்கினார்கள், 1960-இல் திறந்தார்கள். கல்லறைகளின் வரிசையிலே வெறுங்குழி ஒன்றும் உண்டு. 1909-இல் இட்டோ ஹிரோபுமியைச் சுட்ட அன் ஜுங்-கன், 1910-இல் தூக்கிலிடப்பட்டவர். உடல் கிடைத்தால் வைக்கலாம் என்று கிம் கூ ஒதுக்கிய இடம் அது. உடல் இன்னும் கிடைக்கவில்லை.